வலது பக்கத்துத் தண்ணீர்

பொன்மலை, திருச்சி
18-11-1979

சரோஜாவுக்கு,

ராஜம் அக்கா எழுதுகிறேன். நான் சௌக்கியம் என்று எழுதினால் நீயே நம்பமாட்டாய். அதனால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். நீயும் சாந்த்ராகாச்சியில் உன் அம்மா அப்பாவும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

அவர் போனபிறகு கல்கத்தா டாலிகஞ்ச் வீட்டைக் காலி செய்துகொண்டு இங்கே மாமனார் வீட்டுக்கு வந்தேன் அல்லவா, அன்றிலிருந்து எனக்கு வேலை என்று ஒன்றும் இல்லை. அத்தை அடுப்படிப் பக்கமே விடுவதில்லை. நான் சமைத்தால் உப்பு மறந்துபோகிறதாம். வீட்டுக்கு வருகிறவர்கள் என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். செத்தது அவரா நானா என்று சில சமயம் எனக்கே சந்தேகம் வந்துவிடுகிறது.

போன வாரம் உங்கள் புரொபசர் கோஷால் ஸாரிடமிருந்து கடிதம் வந்தது. இங்கிலீஷ் ஆனதால் கொழுந்தன் சுந்தரம் படித்துச் சொன்னான். உங்கள் லேப்பில் என்னவர் செய்தது பெரிய வேலையாம். அவர் பாதியில் விட்ட தீஸிஸை, கூட வேலை செய்த நீ ஒன்றிரண்டு சோதனைகளை மட்டும் முடித்துக் கொடுத்தால், அவர் பேரிலேயே சமர்ப்பித்து டாக்டர் பட்டம் வாங்கிவிடலாமாம். இறந்தவருக்கும் கொடுப்பார்களாம். மனைவியின் சம்மதம் வேண்டும் என்று, கையெழுத்துப் போட ஒரு பாரமும் கடிதத்தோடு வைத்திருந்தார்.

அத்தை அந்தப் பாரத்தை முருகன் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டார். மாமனார் அன்றைக்குத்தான், மூன்று மாதத்துக்குப் பிறகு, முகச்சவரம் செய்துகொண்டார். மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் அத்தனை ஃபிட்டர்களிடமும் 'என் மகன் டாக்டர் வேலாயுதம்' என்று சொல்லியிருக்கிறார்.

என்ன கண்டுபிடித்தார் என்று யாராவது கேட்டால்தான் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஏதோ சவ்வு என்பார். எனக்குச் சவ்வு என்றால் ஆட்டுக்கறியில் உரிக்கிற சவ்வுதான் தெரியும் என்று ஒருநாள் சொன்னேன். அவர் போட்ட சத்தத்தில் கீழே இருந்த வங்காளி வீட்டுக்காரி மாசிமா என்னவோ ஏதோ என்று மேலே வந்துவிட்டாள்.

தை பிறந்ததும் கையெழுத்துப் போட்டு அனுப்பலாம் என்கிறார் மாமனார். அதற்குள் உன் சோதனைகள் முடியுமா? சீக்கிரம் எழுது. இந்த வீட்டில் இப்போது தபால்காரரைப் பார்த்துத்தான் எல்லோரும் மூச்சு விடுகிறோம்.

ராஜம்

*

சாந்த்ராகாச்சி
30-11-1979

அன்புள்ள ராஜம் அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. நானே முதலில் எழுதியிருக்க வேண்டும். என் தமிழ் அம்மாவிடம் பேசிப் பழகிய தமிழ், பள்ளிக்கூடத்தில் படித்ததெல்லாம் வங்காளியும் இங்கிலீஷும். துக்கத்துக்கு எப்படி எழுதுவது என்று தெரியாமல் தள்ளிப்போட்டுவிட்டேன். வேலுதா இருந்தால் கேலி செய்திருப்பார். லேப்பில் எல்லோருக்கும் அவர் வேலுதாதான். நான் தமிழில் அண்ணா என்று கூப்பிட ஆரம்பித்து, பிறகு எல்லோரையும் போல வங்காளியில் வேலுதா என்றே பழகிவிட்டேன்.

அவர் மேஜையை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அவர் செய்த சேர்மத்தில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. ஒரு சின்ன சீசாவில், விரல் நகம் அளவுதான். அதை வைத்துத்தான் மீதிச் சோதனைகளைச் செய்கிறேன். இங்கே லோட் ஷெட்டிங் தலைவிரித்து ஆடுகிறது. கரண்ட் போனால் கலக்குகிற மோட்டார்கள் நின்றுவிடும். எப்போது போயிற்று, எப்போது வந்தது என்று கரும்பலகையில் எழுதிவைத்து, அந்த நேரத்தைக் கூட்டி ஓட்டுகிறோம். அதனால் தாமதமாகிறது.

அக்கா, அந்தப் பாரத்தில் இப்போதைக்குக் கையெழுத்துப் போட வேண்டாம். தை பிறந்தாலும் வேண்டாம். நான் சொல்கிறவரை பொறுத்திருங்கள். காரணம் இப்போது கேட்காதீர்கள். ஒன்றைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன். சரியாகிவிடும் என்றுதான் நினைக்கிறேன்.

உங்கள் தங்கை,
சரோஜா

*

பொன்மலை
10-12-1979

செல்வி சரோஜா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. காரணம் கேட்காதே என்றால் கேட்காமல் இருப்பதற்கு நான் பச்சைக் குழந்தை இல்லை.

சுந்தரம் விசாரித்துவிட்டான். அவனுடைய சிநேகிதன் ஒருவன் இங்கே கல்லூரியில் கெமிஸ்ட்ரி வாத்தியார். ஒருவர் இறந்துபோனால் அவர் வேலையைக் கூட இருக்கிறவர்கள் தங்கள் பேரில் போட்டுக்கொள்வது உண்டு என்றானாம். கோஷால் ஸார் கையெழுத்துக் கேட்கிறார். நீங்கள் கையெழுத்துப் போடாதே என்கிறீர்கள். இதற்கு என்ன அர்த்தம் என்று நீங்களே சொல்லுங்கள்.

ஆஸ்பத்திரியில் அவர் கிடந்தபோது நீங்கள் தினமும் வந்தீர்கள். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வந்து உட்கார்ந்ததும் பொட்டாசியம், சோடியம் என்று அவரோடு பேச ஆரம்பித்துவிடுவீர்கள். மஞ்சள் காமாலையில் கண்ணைத் திறக்க முடியாதவர் உங்களைப் பார்த்ததும் எழுந்து உட்காருவார். எனக்குத் தெரியாத பாஷையில் என் புருஷனோடு நீங்கள் பேசினீர்கள். நான் ஹார்லிக்ஸ் கலக்கிக்கொண்டு நின்றேன். அதை நான் மறந்துவிடவில்லை.

அவர் பேரில் இருப்பதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்றால் நேரடியாகச் சொல்லிவிடுங்கள். அந்த வேலை ஒன்றுதான் எங்களுக்கு மிச்சம். குழந்தை கிடையாது. போட்டோகூடக் கல்யாணத்தன்று எடுத்தது ஒன்றுதான்.

வே. ராஜம்

*

சாந்த்ராகாச்சி
22-12-1979

அன்புள்ள ராஜம் அக்காவுக்கு,

நீங்கள் 'நீங்கள்' என்று எழுதியதைப் பார்த்து அம்மா என்னைத் திட்டினார்கள். 'உள்ளதை உள்ளபடி எழுதுடி, மூடி மூடி எழுதினா யாருக்குத்தான் கோவம் வராது' என்றார்கள். எழுதிவிடுகிறேன்.

வேலுதாவின் சோதனை இதுதான். ஒரு கண்ணாடிக் குழாய், ஆங்கில யூ எழுத்தைப் போல வளைந்தது. அடியில் குளோரோஃபார்ம். அதன் மேல் இடது பக்கத்தில் பொட்டாசியம் உப்புக் கரைத்த தண்ணீர், வலது பக்கத்தில் வெறும் தண்ணீர். குளோரோஃபார்ம் தண்ணீரோடு சேராது, உப்பையும் உள்ளே விடாது. இரண்டு தண்ணீருக்கும் நடுவே நிற்கிற அதுதான் எங்கள் சவ்வு. நம் உடம்பில் ஒவ்வொரு செல்லையும் சுற்றி இருக்கும் சவ்வும் இப்படி எண்ணெய்ப் பசையாக இருந்து உப்பைத் தடுக்கிறது. அதைத் தாண்டி உப்பைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு படகு வேண்டும். வேலுதா செய்த வளையச் சேர்மம் அந்தப் படகு. அதைக் குளோரோஃபார்மில் போட்டு, சின்ன மோட்டாரால் ஒரு நாள் மெதுவாகக் கலக்கினால் வலது பக்கத்துத் தண்ணீரில் பொட்டாசியம் வந்துவிட்டது. சாதாரணப் பொட்டாசியம் உப்பை இப்படிக் கடத்துகிற பொருளைத் தான் கேள்விப்பட்டதே இல்லை என்று ஸார் குதித்தார். ஜூலையில் ஒரு பத்திரிகையில் இரண்டு பக்கக் குறிப்பும் வந்தது. அவர் பேரும் வேலுதா பேரும்.

இதற்கு எதிர்ச்சோதனை ஒன்று உண்டு. லேப்பில் பிளாங்க் என்போம். இடது பக்கத்திலும் வெறும் தண்ணீரையே ஊற்றி, அதே மாதிரி ஒரு நாள் ஓட்ட வேண்டும். வலது பக்கத்தில் ஒன்றும் வரக்கூடாது. வேலுதாவுக்கு ஒன்றும் வரவில்லை. பூஜ்யம் என்று எழுதியிருக்கிறார்.

எனக்கு வருகிறது, அக்கா. எத்தனை தடவை செய்தாலும் வருகிறது.

எங்கிருந்து என்றும் கண்டுபிடித்துவிட்டேன். அந்த வளையத்தைச் செய்யும்போது பொட்டாசியத்தை நடுவில் வைத்து அதைச் சுற்றித்தான் கட்டுகிறோம். பிறகு அதை வெளியே எடுத்துவிட வேண்டும். முழுவதும் போகவில்லை. கொழுக்கட்டைக்குள் பூரணம் மாதிரி உள்ளேயே இருந்திருக்கிறது. படகு அக்கரையிலிருந்து எதையும் ஏற்றி வரவில்லை. தன்னிடம் இருந்ததையே இறக்கியிருக்கிறது. நன்றாகக் கழுவி எடுத்த பிறகு அது எதையும் கடத்தவில்லை. கண்டுபிடிப்பு இல்லை, அக்கா. தீஸிஸும் இல்லை.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. இந்த மாதிரித் தவறு யாருக்கும் வரும். ஸார் முதலில் என்னைத் திட்டினார். பிறகு அவரே நின்று பார்த்தார். பார்த்துவிட்டு, 'அவன் பிளாங்க் ஓட்டவே இல்லை. பூஜ்யம்தான் வரும் என்று உட்கார்ந்த இடத்தில் எழுதிவிட்டான்' என்று சொல்லிவிட்டார். பத்திரிகைக் குறிப்பை வாபஸ் வாங்க வேண்டும். காரணம் எழுத வேண்டும். அப்படியே எழுதப்போகிறார். செய்யாத சோதனையைச் செய்ததாக எழுதினார் என்று.

வேலுதா அப்படிச் செய்யமாட்டார் என்று நான் சண்டை போட்டேன். 'அப்படியானால் அந்தப் பூஜ்யம் எங்கிருந்து வந்தது?' என்று கேட்டார்.

ஆஸ்பத்திரியில் பேசினேன், நிஜம்தான். எனக்கு அவரிடம் வேறு எதுவும் பேசத் தெரியாது. உங்கள் மனது கஷ்டப்பட்டிருந்தால் மன்னித்துவிடுங்கள்.

சரோஜா

*

பொன்மலை
8-1-1980

சரோஜா,

உன் கடிதத்தைச் சுந்தரத்திடம் காட்டவில்லை. மாமனாரிடமும் சொல்லவில்லை. கிணற்றடியில் உட்கார்ந்து நானே இரண்டு மூன்று தடவை படித்தேன். பாதி புரிந்தது. கண்டுபிடிப்பு இல்லை என்பது புரிந்தது. அதற்கு அழுதேன். ஆனால் அது என்னை இந்த அளவுக்குச் சுடவில்லை. உட்கார்ந்த இடத்தில் எழுதிவிட்டான் என்றாரே, அதுதான் சுடுகிறது.

உங்கள் ஸாருக்கு அவரைத் தெரியாது. மீன் மார்க்கெட்டில் பாக்கியை ஒரு ரூபாய் அதிகம் கொடுத்துவிட்டான் என்று மழையில் திரும்பி நடந்தவர் அவர். கல்யாணத்துக்கு முன்னால் என்னைப் பார்க்க வந்தபோது, 'எனக்கு இன்னும் வேலை கிடையாது, ஸ்காலர்ஷிப்தான், எப்ப முடியும்னும் தெரியாது' என்று என் அப்பாவிடம் சொல்லி, கூட வந்த பெரியவர்களிடமெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டவர். பொய் சொல்லத் தெரிந்திருந்தால் அவர் எப்போதோ முன்னுக்கு வந்திருப்பார். காமாலை வந்த பிறகு டாக்டர் கேட்டதற்கு, இன்னும் லேப்புக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன் என்று உண்மையைச் சொல்லித் திட்டு வாங்கினார்.

வேலை என்று வந்துவிட்டால் அவருக்குப் பெண்டாட்டி கிடையாது, சாப்பாடு கிடையாது. என் ஆயுசில் ஒரே ஒரு தடவைதான் எனக்காக வேலையை நிறுத்தியிருக்கிறார். போன வருஷம் உங்கள் லேப்பில் சரஸ்வதி பூஜை நடந்த அன்று. நம் பக்கம் நவராத்திரியில் வருவது அங்கே தை மாதத்தில் வருகிறதே, எனக்கு அதுதான் முதல் பூஜை. மாசிமா மஞ்சள் புடவை கட்டிவிட்டாள். லேப்பில் தராசுக்குக்கூடச் சந்தனம் வைத்திருந்தார்கள். எல்லாவற்றுக்கும் சாமந்திப் பூ. ஒரு மோட்டார் மட்டும் தனியாக முனகிக்கொண்டிருந்தது.

'இது மட்டும் என்ன பாவம் பண்ணிச்சு? இன்னிக்குமா ஓடணும்?' என்றேன். எங்கள் பொன்மலையில் ஆயுத பூஜையன்று ஒர்க்‌ஷாப்பில் ஒரு சக்கரம் சுற்றாது. எனக்குப் பார்க்கவே என்னவோ போல் இருந்தது.

'அது வேலை செஞ்சிட்டிருக்கு ராஜி.'

'சரஸ்வதியே இன்னிக்கு வீணையக் கீழ வெச்சிட்டா. உங்க மோட்டார் அவளுக்கு மேலயா?'

'சரிம்மா, உத்தரவு' என்று சுவிட்சை அணைத்துவிட்டார். நான் அதற்கும் ஒரு பூ வைத்தேன். பிறகு பிரசாதமாகக் கொடுத்த கிச்சூரிச் சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு டிராமில் ஏறிக் காளிகாட் போனோம். அவரோடு நான் பட்ட சந்தோஷம் என்றால் அந்த ஒரு நாள்தான். இன்னும் கொஞ்ச நாளில் அங்கே மறுபடி பூஜை வரும் என்று நினைத்துக்கொண்டேன், அதனால் எழுதினேன்.

அவர் பொய்யர் இல்லை. உங்கள் ஸாரிடம் இதைச் சொல். என்மேல் உனக்குக் கோபம் இருந்தால் அதை மறந்துவிட்டுச் சொல். டாக்டர் பட்டம் வேண்டாம், போகட்டும். அந்த வார்த்தையை மட்டும் அச்சில் போட விடாதே.

அக்கா

*

சாந்த்ராகாச்சி
19-1-1980

அன்புள்ள அக்காவுக்கு,

சுருக்கமாக எழுதுகிறேன். அன்று நான் லேப்பில் இல்லை, எங்கள் ரயில்வே காலனிப் பூஜையில் இருந்தேன். அதனால் கேட்கிறேன்.

அந்த மோட்டார் எந்தப் பக்கம் இருந்தது? ஜன்னல் பக்கமா, தண்ணீர்க் குழாய்ப் பக்கமா? அதற்குக் கீழே இருந்த கண்ணாடியில் என்ன ஊற்றியிருந்தது, வேலுதா ஏதாவது சொன்னாரா? மறுபடி எப்போது ஓடவிட்டார்?

ஞாபகம் இருந்தால் மட்டும் எழுதுங்கள். அவசரம் இல்லை.

சரோஜா

*

பொன்மலை
28-1-1980

சரோஜா,

அவசரம் இல்லை என்று எழுதுகிறவள் எக்ஸ்பிரஸ் தபாலில் அனுப்புவாளா?

ஜன்னல் பக்கம். வளைந்த கண்ணாடிக் குழாய். அன்று காலையில்தான் எனக்கு முன்னால் அதை ஊற்றி ஓடவிட்டார். பூஜை நாள் ஆனதால் யாரும் தொந்தரவு செய்யமாட்டார்கள் என்றார். நிறுத்தச் சொன்னபோது, 'நல்ல வேளை, இது வெறும் தண்ணி ராஜி. இதுல ஒண்ணுமே இல்ல. ஓடினாலும் ஒண்ணுதான், நின்னாலும் ஒண்ணுதான்' என்றார். ஒன்றும் இல்லாததை எதற்கு இவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறார் என்று எனக்கு அப்போது வேடிக்கையாக இருந்தது.

மறுபடி ஓடவிட்டாரா என்று எனக்குத் தெரியாது. மறுநாள் காலையில் ஏதோ அளக்கிற மெஷின் அவருடைய முறை, அந்தத் தண்ணீரை எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று சாப்பிடாமல் ஓடினார்.

இதையெல்லாம் எதற்குக் கேட்கிறாய்?

அக்கா

*

சாந்த்ராகாச்சி
9-2-1980

அன்புள்ள அக்காவுக்கு,

சும்மாதான் கேட்டேன். அன்றைய நாள் எப்படி இருந்தது என்று மனதில் பார்க்க ஆசைப்பட்டேன். அதற்கும் சோதனைக்கும் சம்பந்தம் இல்லை.

ஸாரிடம் மறுபடி பேசினேன். அவர் பிடித்த பிடியிலேயே நிற்கிறார். ஆனால் அந்தப் பத்திரிகையை யார் படிக்கப்போகிறார்கள்? எங்களைப் போல நாலு பேர். பொன்மலையில் யாருக்கும் தெரியப்போவதில்லை. வார்த்தையைக் கொஞ்சம் மெதுவாகப் போடச் சொல்லிப் பார்க்கிறேன். இதை இத்தோடு விட்டுவிடலாம், அக்கா. பாரத்தைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். நீங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நிஜமாகவே அந்த மோட்டாருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

சரோஜா

*

பொன்மலை
24-2-1980

அன்புள்ள சரோஜாவுக்கு,

உனக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. சம்பந்தம் இல்லை என்று ஒரே கடிதத்தில் இரண்டு தடவை எழுதியிருக்கிறாய். அவரோடு இருந்தவள் இல்லையா, வேறு எப்படி இருப்பாய்.

உன் கடிதம் வந்த மறுநாள் காலையில் அத்தை காப்பி கொடுத்தார். ஒரே கசப்பு. 'சர்க்கரை போடலையா அத்தே' என்று கேட்டேன். 'போட்டேன், நீதான் கலக்கல. கலக்காம குடிச்சா அடியிலயேதான் கிடக்கும்' என்றார். தம்ளரை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பிறகு உன் டிசம்பர் மாதக் கடிதத்தை எடுத்துப் படித்தேன். ஒரு நாள் முழுக்கக் கலக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். அன்று கலக்கவில்லை. நான் கலக்க விடவில்லை. அதனால் உள்ளே இருந்தது வெளியே வரவில்லை. அவர் அளந்தபோது ஒன்றும் இல்லை. கண்டதைத்தான் பூஜ்யம் என்று எழுதினார்.

சரிதானே? தப்பு என்று மட்டும் எழுதிவிடாதே.

நீ ஏன் மறைத்தாய் என்றும் எனக்குத் தெரிகிறது. அன்று அது ஓடியிருந்தால் மறுநாளே அவருக்கு விஷயம் தெரிந்திருக்கும். வேலை அங்கேயே நின்றிருக்கும். ஜூலையில் கண் மஞ்சளானபோது, 'இந்த வாரம் மெஷின் என் முறை, அடுத்த வாரம் டாக்டர்கிட்ட போறேன்' என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். வேலை நின்றிருந்தால் அப்படித் தள்ளிப்போட்டிருக்கமாட்டார். சும்மா கிடந்திருப்பார், படுத்திருப்பார், பத்தியம் இருந்திருப்பார். ஒருவேளை உயிரோடு இருந்திருப்பார். இதை நான் யோசிக்கக்கூடாது என்றுதானே நீ எழுதவில்லை? யோசித்துவிட்டேன். இனி யோசிக்காமல் இருக்க முடியாது. கிணற்றடியில் தண்ணீர் இறைக்கும்போதும் யோசிக்கிறேன், தலை வாரும்போதும் யோசிக்கிறேன். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாமே, பாவி.

ஆனால் இது என் பாடு. நான் பட்டுக்கொள்கிறேன். அவர் பேரை இதற்காகக் கெடுக்க உனக்கு யார் உரிமை கொடுத்தது? என்னைக் காப்பாற்ற அவரைப் பொய்யர் ஆக்குவாயா? நாலு பேர்தான் படிப்பார்கள் என்கிறாய். அந்த நாலு பேருக்காகத்தானே அவர் அத்தனை வருஷம் உழைத்தார். பொன்மலையில் இருக்கிறவர்களுக்கு அவர் டாக்டரா இல்லையா என்பதுகூடப் புரியாது.

மாமனாரிடம் நானே சொல்லிவிட்டேன். பட்டம் வராது, கணக்கில் தவறு வந்துவிட்டது, தவறுக்குக் காரணம் பூஜையன்று மோட்டாரை நிறுத்தச் சொன்ன நான் என்று. அன்று அவர் சாப்பிடவில்லை. மறுநாள் வேலைக்குப் போகும்போது வாசலில் நின்று, 'பூஜையன்னிக்கு மெஷின நிறுத்தச் சொன்னது தப்பு இல்லம்மா' என்று சொல்லிவிட்டுப் போனார். அத்தை இன்னும் என்னோடு பேசவில்லை. பேசாமலே காப்பி கொடுக்கிறார், இப்போது கலக்கியே கொடுக்கிறார்.

கீழே இருப்பது உங்கள் ஸாருக்கு. எனக்குத் தமிழ்தான் தெரியும். நீ வங்காளியிலோ இங்கிலீஷிலோ மாற்றிக் கொடு. ஒரு வார்த்தையைக்கூட மெதுவாக்காதே.

'ஐயா, சென்ற வருஷம் சரஸ்வதி பூஜையன்று என் கணவர் வே. இ. வேலாயுதம் வெறும் தண்ணீர் ஊற்றி ஓடவிட்டிருந்த குழாயின் மோட்டாரை, நான் கட்டாயப்படுத்தியதால் நிறுத்தினார். மறுநாள் காலை அந்தத் தண்ணீரைத்தான் அளந்தார். அவர் கண்ட பூஜ்யம் உண்மை. மோட்டார் நின்றதற்குக் காரணம் நான். தாங்கள் எழுதப்போகும் இடத்தில் என் பேரைப் போட்டுக்கொள்ளலாம். இப்படிக்கு, வே. ராஜம்.'

ராஜம் அக்கா

*

சாந்த்ராகாச்சி
15-3-1980

அன்புள்ள அக்காவுக்கு,

கொடுத்துவிட்டேன். மறைத்தது தவறு. நீங்கள் திட்டியது சரி.

கொடுப்பதற்கு முன்னால் நீங்கள் சொன்னபடி, கழுவாமல் மிஞ்சியிருந்த சேர்மத்தைப் போட்டு ஒரு குழாயை ஊற்றி, மோட்டாரை ஓடவிடாமல் ஒரு நாள் வைத்துப் பார்த்தேன். வலது பக்கத்துத் தண்ணீரை அளந்தேன். மெஷினின் முள் அசையவில்லை. அந்த அளவையும் உங்கள் கடிதத்தையும் சேர்த்து ஸார் மேஜையில் வைத்தேன்.

ஸார் என் இங்கிலீஷைப் படித்துவிட்டு, தமிழில் இருப்பதையும் படிக்கச் சொன்னார். அவருக்குத் தமிழில் ஒரு எழுத்துக்கூடத் தெரியாது. முழுவதும் கேட்டார். கடைசியில் உங்கள் கையெழுத்தைக் காட்டச் சொல்லிப் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். 'நான் அவனை அப்படிச் சொன்னேன், ஷோரோஜா. என் பிள்ளை மாதிரி இருந்தவனைச் சொல்லிவிட்டேன்' என்றார். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றதால் நான் வெளியே வந்துவிட்டேன்.

பத்திரிகைக்குப் போகிற திருத்தத்தை இப்படி எழுதியிருக்கிறோம்: எதிர்ச்சோதனையின்போது கலக்கும் மோட்டார் ஓடவில்லை, அந்த நிலையில் பதிவான பூஜ்யம் சரியான அளவே, சேர்மத்தில் மிஞ்சியிருந்த பொட்டாசியம் பின்னால்தான் தெரியவந்தது. ஏன் ஓடவில்லை என்று எழுத அங்கே வழக்கம் இல்லை. அதனால் உங்கள் பேர் வராது. வளையத்தைக் கட்டிய முறையில் மட்டும் குறை இல்லை, கடைசியில் இன்னும் நன்றாகக் கழுவ வேண்டும், அவ்வளவுதான். அதைத் தனிக் குறிப்பாக அனுப்புகிறோம். அதில் வேலுதா பேர் ஒன்றுதான். ஸார் தன் பேரைத் தானே அடித்துவிட்டார். பட்டம் கிடைக்காது, அக்கா. அதற்கு ஸார் என்ன செய்தும் வழியில்லை.

இனி நான் சொல்லப்போவதை ஆறுதலுக்குச் சொல்வதாக நினைக்காதீர்கள். எனக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

அன்று அது ஓடியிருந்தால் அவர் பிழைத்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. டாக்டருக்கே தெரியாது. நீங்கள் வீட்டில் பார்த்தது களைத்துப்போய் வந்த வேலுதாவை. நான் பார்த்தது பகலில் இருந்த வேலுதாவை. பூஜ்யம் கிடைத்த அன்றிலிருந்து அவர் வேறு ஆளாகிவிட்டார். அதற்கு முன்னால் வருஷக்கணக்கில் ஒன்றும் சரியாக வராமல், ஊருக்கே போய் வாத்தியார் வேலை பார்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவர். அதன்பிறகு ஒவ்வொரு தடவை அளக்கும்போதும் முள் நகர்ந்தால், 'வந்துடுச்சு! வந்துடுச்சு!' என்று தமிழில் கத்துவார். படியில் போகிறவர்கள் எல்லாம் எட்டிப் பார்ப்பார்கள். எங்கள் லேப்பில் இருக்கிற வங்காளிப் பையன்களுக்குத் தமிழில் வேறு ஒரு வார்த்தை தெரியாது. இந்த ஒன்று எல்லோருக்கும் தெரியும். நேற்றுக்கூட ஒருவன் தன் சோதனை சரியாக வந்ததும் அப்படிக் கத்தினான். கத்திவிட்டு என்னைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டான்.

ஆஸ்பத்திரியில் கடைசியாக நான் வந்த அன்றும், சோடியத்துக்கு எந்த அளவு வளையம் செய்யலாம் என்றுதான் பேசினார். அவருக்கு இது பொய் என்று தெரியவே தெரியாது. அந்த மோட்டார் அன்று ஓடியிருந்தால், மறுநாள் காலையிலேயே அந்தக் குரல் நின்றுபோயிருக்கும், அக்கா.

உங்கள் தங்கை,
சரோஜா